தீபாவளிக்கும் பள்ளித் திறப்புக்கும் கடன் வாங்காமல்: பண்டல் துணி, பற்றுச்சீட்டு, பழைய பட்டு – தெரிந்துகொள்ள வேண்டியவை

தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வருகிறது. பள்ளித் தவணை ஜனவரியில் தொடங்கும் பழைய முறையும் 2026-இல் திரும்பிவிட்டது. புத்தாடை, பலகாரம், விருந்து என்று ஒரு செலவு முடிந்த இரண்டு மூன்று மாதங்களில் சீருடை, காலணி, புத்தகப் பை என்று அடுத்த செலவு வாசலில் வந்து நிற்கிறது.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அந்த ஒரு சம்பளத்தில் நான்கைந்து பேர் வாழும் வீடுகள் தோட்டப்புறத்திலும் உண்டு, பட்டணத்து அடுக்குமாடிகளிலும் உண்டு. அத்தகைய வீட்டில் பண்டிகைக் கடன் பெரும்பாலும் கடைப் பற்றில் தொடங்குகிறது. பிறகு நகை அடகுக்குப் போகிறது. அதுவும் போதாதபோது வட்டி முதலையின் தொலைபேசி எண்ணைத் தேட வேண்டிய நிலை வருகிறது. துணிச் செலவில் மிச்சமாகும் 200, 300 ரிங்கிட் சில வீடுகளில் அந்த மூன்றாவது படியைத் தவிர்த்துவிடும்.

முதலில் அலமாரி, பிறகு கடை

கடைக்குப் புறப்படும் முன் வீட்டில் உள்ள துணியை எண்ண வேண்டும். ஒவ்வொருவருக்கும் உடுத்தும் நிலையில் என்ன இருக்கிறது, எது சிறிதாகிவிட்டது, எது தைத்தால் சரியாகும் என்று மூன்று பிரிவாக எழுதினால் போதும். உண்மையில் வாங்க வேண்டியது என்னவென்று அப்போது தெரியும். சிறிதாகிவிட்டவற்றை விற்கலாம், அல்லது தம்பி தங்கைக்கு எடுத்து வைக்கலாம்.

தோட்டத்தில் இருப்பவர்கள் போக்குவரத்துச் செலவையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டணத்துக்குப் போய்வர வாகனத்துக்கு 30 ரிங்கிட் ஆகும்போது, அங்கே 20 ரிங்கிட் மலிவாகக் கிடைக்கும் பொருளால் லாபம் இல்லை. மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரே வாகனத்தில் ஒரே நாளில் போய்வந்தால் கணக்கு மாறும்.

பண்டல் கடை

வெளிநாடுகளில் ஒருவர் உடுத்திக் கழித்த துணிகள் இறுக்கிக் கட்டிய பெரிய மூட்டைகளாக இந்நாட்டுக்கு வருகின்றன. அந்த மூட்டையின் பெயரே கடைக்கும் ஆகிவிட்டது. மூட்டையைப் பிரித்து, தரம் பிரித்து, துண்டுக் கணக்கிலோ எடைக் கணக்கிலோ விற்கிறார்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள்களுக்கென்றே பேரங்காடி அளவில் கடைகள் இங்கு உள்ளன. பசார் மாலாமில் தரையில் குவித்து வைத்து விற்பதும் இதே வகைத் துணிதான். பினாங்கு லோரோங் கூலிட், ஈப்போவின் ஞாயிறு காலைச் சந்தை போன்ற பழம்பொருள் சந்தைகளிலும் துணி கிடைக்கும்.

பண்டலில் நன்றாகக் கிடைப்பவை: வேலைக்கு உடுத்தும் சட்டை, ஜீன்ஸ், குளிர்ச்சட்டை, பிள்ளைகளின் விளையாட்டு உடை. தோட்ட வேலைக்கு நீளக்கைச் சட்டையும் தடித்த காற்சட்டையும் புதிதாக வாங்க எவ்விதத் தேவையும் இல்லை. உள்ளாடை, காலுறை, கைக்குழந்தைத் துணி ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குவது நல்லது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

• அக்குள், கழுத்துப்பட்டை, கைமுனை. வியர்வைக் கறை இங்கேதான் தங்கும். மஞ்சளாகி இறுகிப்போன கறை பெரும்பாலும் போகாது.
• காற்சட்டையின் தொடையிடுக்கு. அங்கே துணி தேய்ந்திருந்தால் சில மாதங்களில் கிழியும்.
• ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்க வேண்டும். பொத்தான் விழுந்திருந்தால் பரவாயில்லை. ஜிப்பை மாற்றத் தையல் கூலி கொடுத்தால் மலிவு போய்விடும்.
• வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் சிறு ஓட்டைகள் தெரியும்.
• இடுப்பு ரப்பரை இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்க வேண்டும்.

அளவுச் சீட்டை நம்பக்கூடாது. ஜப்பானிய, கொரிய உடைகளின் அளவு மேற்கத்திய உடைகளைவிடச் சிறியது. ‘எல்’ என்றிருப்பது இங்குள்ள ‘எம்’ அளவில்கூட இருக்கலாம். வீட்டில் சரியாகப் பொருந்தும் சட்டையின் மார்பகலத்தையும் நீளத்தையும் அளந்து எழுதிக்கொண்டு, அளவு நாடாவைக் கையோடு எடுத்துச் செல்வதே சிறந்தது.

துவைக்கும் முறை

வாங்கிய துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக ஊறவைத்துத் துவைக்க வேண்டும். சொறி உண்டாக்கும் நுண்பூச்சி 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பத்து நிமிடத்தில் இறந்துவிடும். ஆகவே பருத்தித் துணிக்குச் சுடுநீர் நல்லது. சுடுநீர் தாங்காத துணியை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் வைத்துவிட்டுப் பிறகு துவைக்கலாம். மனித உடலை விட்டுப் பிரிந்த அப்பூச்சி பொதுவாக மூன்று நாளுக்கு மேல் உயிர்வாழாது. பூச்சி உருண்டை வாடை போக, துவைத்த பிறகு நல்ல வெயிலில் காயவைத்தால் போதும்.

பண்டிகைக்குப் பழைய துணியா?

தீபாவளிக் காலையில் மஞ்சள் தடவிய புதுத்துணி உடுத்துவது நம் வழக்கம். பிறர் உடுத்தியதை அன்று உடுத்தப் பலருக்கு மனம் வராது. அதற்காக வருத்தப்படவோ வெட்கப்படவோ வேண்டியதில்லை. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு உடுத்த ஆளுக்கு ஒரு புது உடை, விருந்தினர் வரும் மற்ற நாள்களுக்கு நல்ல நிலையில் உள்ள பழைய உடை என்று பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு மூன்று உடை என்பது 12. அதில் நான்கு மட்டும் புதிது என்றால் செலவு வெகுவாகக் குறையும். அக்காளின் பாவாடையைத் தங்கை உடுத்துவது தோட்டத்து வீடுகளில் புதிய செய்தி அன்று.

பழைய பட்டுச் சேலை

ஒருமுறையோ இருமுறையோ உடுத்தி அலமாரியில் கிடக்கும் கல்யாணப் பட்டுகள் இப்போது இணையம் வழியாகவும் தெரிந்தவர்கள் மூலமாகவும் கைமாறுகின்றன. ரவிக்கை ஒருவர் உடம்புக்கென்று தைத்தது. சேலை அப்படியல்ல, யாருக்கும் பொருந்தும். ஆகவே மறுவிற்பனைக்குச் சேலையைப்போல் வசதியான உடை வேறில்லை.

வாங்குபவர் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, நூல். ஓர முடிச்சிலிருந்து ஓரிழையை எடுத்துக் கொளுத்தினால், அசல் பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலைத் தரும். செயற்கை இழை உருகிக் கெட்டியான உருண்டையாகும். இரண்டு, சரிகை. காஞ்சிபுரத்து அசல் சரிகை சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும். வெள்ளையாக இருந்தால் அது போலிச் சரிகையாகவே இருக்கக்கூடும். போலி என்பதால் சேலை வேண்டாம் என்றில்லை. விலை மட்டும் அசலின் விலையாக இருக்கக்கூடாது.

மடிப்பு விழுந்த இடங்களையும் விரித்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்தக் கோட்டில் கிழியும். விற்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே தவிர்க்கலாம்: வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது.

பற்றுச்சீட்டுக் கணக்கு

இணையக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் கிடைக்கும் பற்றுச்சீட்டு, கடைக்காரர் விற்பனையைக் கூட்டுவதற்காகக் கொடுப்பது. வாங்குபவர் கணக்குப் போட்டால் மட்டுமே அதில் லாபம் உண்டு.

“60 ரிங்கிட்டுக்கு வாங்கினால் 10 ரிங்கிட் கழிவு” என்ற சீட்டை எடுத்துக்கொள்வோம். தேவையான பொருளின் விலை 42 ரிங்கிட். கழிவு பெறுவதற்காக இன்னும் 18 ரிங்கிட்டுக்கு வாங்கினால் கையிலிருந்து போவது 50. அதாவது 8 ரிங்கிட் கூடுதல் செலவு. அந்த 18 ரிங்கிட் பொருள் எப்படியும் வாங்க வேண்டியதாக இருந்தால் மட்டுமே இது லாபம்.

“20 விழுக்காடு கழிவு, அதிகபட்சம் 8 ரிங்கிட்” என்றால் 40 ரிங்கிட்டுக்கு வாங்கும்போதே முழுப் பலனும் கிடைத்துவிடும். 100 ரிங்கிட்டுக்கு வாங்கினாலும் அதே 8 ரிங்கிட்தான். கழிவு 8 விழுக்காடாகச் சுருங்கிவிடும். “இரண்டாவது பொருள் பாதி விலை” என்பது மொத்தத்தில் 25 விழுக்காடு. “மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்” என்பதும் அதே 25 விழுக்காடு; ஆனால் நான்கும் தேவைப்பட வேண்டும்.

பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதும் சரியல்ல. 3 கிலோ சவர்க்காரத் தூள் 19 ரிங்கிட் 90 சென் என்றால் கிலோ 6 ரிங்கிட் 63 சென். பக்கத்தில் 1.5 கிலோ 8 ரிங்கிட் 90 சென்னுக்கு இருந்தால் கிலோ 5 ரிங்கிட் 93 சென். கைப்பேசியில் விலையை எடையால் வகுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரும் இணையப் பொருளுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 500 ரிங்கிட்டும் அதற்குக் குறைவுமான விலையுள்ள இறக்குமதிப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கப்படுகிறது. அனுப்பும் கூலியையும் வரியையும் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் உள்ளூர்க் கடை விலையோடு ஒப்பிட வேண்டும்.

அரசாங்க உதவியைத் தவறவிடாதீர்

சாரா எனப்படும் அடிப்படை ரஹ்மா உதவி மைகார்ட் வழியாக வருகிறது. பதிவு பெற்ற கடைகளில் அரிசி, மாவு, முட்டை, மருந்து, பள்ளிப் பொருள் போன்ற குறிப்பிட்ட வகைகளை மட்டுமே அதில் வாங்க முடியும். ரொக்கமாகப் பெற முடியாது. 2025-இல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் அனைவருக்கும் 100 ரிங்கிட் வழங்கப்பட்டது. அதற்கு ஆகஸ்ட் 31 முதல் டிசம்பர் 31 வரை காலவரையறை இருந்தது. இத்தகைய உதவிகள் அறிவிக்கப்படும்போது, வீட்டில் உள்ள முதியவர்களின் மைகார்ட்டில் தொகை இருக்கிறதா என்று பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு நடத்தும் ரஹ்மா மலிவு விற்பனையில் அத்தியாவசியப் பொருள்கள் சந்தை விலையைவிட 10 முதல் 30 விழுக்காடு வரை குறைவாகக் கிடைக்கும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் சில பொருள்களுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்படுவது வழக்கம். அப்பொருள்களுக்கு இளஞ்சிவப்பு விலைச்சீட்டு வைப்பது கட்டாயம். அச்சீட்டு இல்லாவிட்டாலோ, விலை கூடுதலாக இருந்தாலோ அமைச்சின் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பள்ளித் தொடக்க உதவியான 150 ரிங்கிட் சீருடைக்கும் காலணிக்கும் உரியது. அதைத் தீபாவளிக் கடன் அடைக்கப் பயன்படுத்தினால் ஜனவரியில் மறுபடி கடன்தான். பிள்ளை வளர்ந்ததால் சிறிதாகிவிட்ட பினஃபோர், வெள்ளைச் சட்டை ஆகியவற்றைப் பெற்றோர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள ஒரே பள்ளியின் புலனக் குழுவே போதும்.

விற்பவர்களுக்கு

துவைத்து, தேய்த்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். மார்பகலம், இடுப்பு, நீளம் ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும். கறையோ கிழிசலோ இருந்தால் அதையும் தனியாகப் படம் எடுத்துக் காட்டினால் பிறகு சண்டை வராது. சாதாரண உடைக்கு வாங்கிய விலையில் நான்கில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல விலை. உடைகளை ஒவ்வொன்றாக விற்பதைவிட, ஐந்து வயதுப் பையனுக்கான பத்து உடை என்று கட்டாக விற்றால் விரைவில் போகும்.

“பணத்தைப் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள்” என்று வாங்குபவர் அனுப்பினால் அது மோசடி. பணம் பெறுவதற்கு வங்கிக் கணக்கு எண் போதும். கடவுச்சொல்லோ, கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணோ தேவைப்படாது. தவறிப் பணம் பறிபோனால் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தையும் வங்கியையும் அழைக்க வேண்டும். அழைக்கத் தாமதித்தால் பணத்தை மீட்பது கடினமாகிவிடும்.

ஏமாற்றப்பட்டால்

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற அறிவிப்பு, பொருளில் குறை இருக்கும்போது கடைக்காரரைக் காப்பாற்றாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஓர் அறிவிப்புப் பலகையால் நீக்க முடியாது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இது வணிகரிடம் வாங்கியதற்கே பொருந்தும். தனிநபரிடம் வாங்கும் பழைய துணிக்கு, பணம் கொடுக்கும் முன் நேரில் விரித்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

ரசீதுகளைத் தீபாவளி முடியும்வரை ஓர் உறையில் போட்டு வைத்தால், அடுத்த ஆண்டுப் பட்டியலை எழுதும்போது எதற்கு எவ்வளவு போனது என்று தெரியும். மிச்சமான பணத்தை அதே உறையில் வைத்து “பள்ளி” என்று எழுதிவிட்டால், ஜனவரிச் சீருடைக்கு யாரிடமும் கையேந்த வேண்டியிருக்காது.