சுரைக்குடுக்கையில் இசை பழகிய விவசாயி: அலி ஃபர்கா தூரே

யூடியூப் பார்த்துத் தானாகவே கிதார் பழகும் மகனைப் பற்றிக் கவலையோடு பேசும் பெற்றோர் நம் தேனாம்பேட்டையிலும் உண்டு. "கூடுமா ஹஜ்ரத்?" என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம், மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டு முஸ்லிம் ஒருவர் நம் நினைவுக்கு வருகிறார்.

அலி இப்ராஹீம் தூரே 1939ல் பிறந்தவர். பெற்றோருக்குப் பத்தாவது மகன். முன் பிறந்த ஒன்பது பேரும் சிறு குழந்தைகளாகவே இறந்துவிட்டனர். இவராவது தாக்குப்பிடிக்கட்டும் என்று 'ஃபர்கா' எனப் பட்டப்பெயர் வைத்தார்கள். கழுதை என்று பொருள். அங்கே அது வசையல்ல, உறுதிக்கு அடையாளம். தந்தை பிரெஞ்சு ராணுவத்தில் இறந்துபோக, குடும்பம் நைஜர் நதிக்கரை ஊரான நியாஃபுன்கேயில் குடியேறியது. திம்புக்துவுக்குத் தென்மேற்கே உள்ள ஊர் அது. அலிக்குப் பள்ளிப் படிப்பு இல்லை, வயல் வேலைதான்.

அச்சமூகத்தில் இசை பரம்பரைப் பாணர்களின் தொழில். இவர் அந்தக் குலமல்ல. கற்றுக்கொடுக்க வீட்டில் ஆளில்லை. சுமார் 12 வயதில், சுரைக்குடுக்கைக்குத் தோல் போர்த்தி, ஒற்றைத் தந்தி கட்டி, 'ஜெர்க்கெல்' என்ற கருவியைத் தாமே செய்துகொண்டார். ஆவிகள்தாம் தமக்கு இசையைத் தந்தன என்றும் நம்பினார். அதை நாம் ஏற்பதற்கில்லை. 1956ல் கினி நாட்டுக் கலைக்குழுவின் நிகழ்ச்சியில் கிதாரைக் கண்டு, குடுக்கையில் பழகிய விரலோட்டத்தையே அதற்கு மாற்றிக்கொண்டார். 1994ல் அமெரிக்கரான ரை கூடருடன் வெளியிட்ட 'டாக்கிங் திம்புக்து' கிராமி விருது பெற்றது.

புகழ் வந்த பிறகும் தம்மை விவசாயி என்றே சொல்லிக்கொண்டார். 2004ல் நியாஃபுன்கே மேயரானார். கைக்காசைப் போட்டுச் சாலையும் கழிவுநீர்க் கால்வாயும் அமைத்தார், ஜெனரேட்டர் மூலம் ஊருக்கு மின்சாரம் கொடுத்தார். 2006 மார்ச்சில் மௌத்தானார்.

தஃப்புக்கு அனுமதி உண்டு. தந்தி வாத்தியங்களை நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான இமாம்கள் தடுத்தே இருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் மாறுபட்டார். நாம் பெரும்பான்மைக் கருத்தையே சொல்கிறோம். ஆனால் 2012ல் வட மாலியைப் பிடித்த ஆயுதக் குழுக்கள் இசையையே தடை செய்து, கருவிகளைக் கொளுத்தினார்களே, அது ஃபத்வா அல்ல, அராஜகம். திம்புக்துவின் பழைய கப்ருக் கட்டடங்களையும் அவர்கள்தாம் இடித்தார்கள்.

மகன் வியூ ஃபர்கா தூரே இசைக்கு வருவதை அலியே முதலில் விரும்பவில்லை, ராணுவத்தில் சேரச் சொன்னார். மகன் ரகசியமாகக் கிதார் பழகினார். அலி அடிக்கவில்லை என்றோ, கோபப்படவில்லை என்றோ நாம் சொல்ல வரவில்லை. கடைசியில் இசைந்தார், மரணத்துக்குச் சற்று முன்பு மகனின் முதல் தொகுப்பில் தாமும் வாசித்தார்.