முடிவெட்ட நாற்பது கிலோமீட்டர்

2020 செப்டம்பரில் இடுக்கி மாவட்டம் வட்டவடை ஊராட்சியில், கோவிலூர் கடைத்தெருவில், ஒரு முடிதிருத்தும் கடையைத் திறந்தார்கள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, சீப்பு, கத்தரிக்கோல். இதைத் திறந்துவைக்க அப்போதைய தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் எஸ். ராஜேந்திரனே வந்தார். கடையை ஊராட்சியே ஏற்பாடு செய்திருந்தது. கேரளத்தில் ஊராட்சிகள் சாலை போடும், குடிநீர்க் குழாய் இழுக்கும், நூலகம் கட்டும். தலைமுடி வெட்டுவதற்கு ஓர் ஊராட்சி முன்கை எடுத்தது அபூர்வம்.

காரணம் எளிமையானது, வெட்கக்கேடானதும்கூட. அந்த ஊரில் தலைமுறைகளாக வாழும் சக்கிலியர் குடும்பத்து ஆண்களுக்கும் பையன்களுக்கும் ஊர்க் கடைகளில் அதுவரை முடிவெட்டியதில்லை. அவர்களுக்கு வெட்டினால் மற்ற சாதிக்காரர்கள் வரமாட்டார்கள் என்பது கடைக்காரர்கள் சொன்ன நியாயம். ஆகவே பள்ளிக்கூடம் போகிற பையனுக்கு முடி வளர்ந்தால் மூணாறு போன்ற வெளியூருக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. மூணாறு நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மலைப்பாதையில் ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டிலேயே அப்பா வெட்டினால் வகுப்பில் கேலி. தேநீர்க் கடைகளில் கொட்டாங்கச்சியில் தேநீர் வாங்கிக் குடித்த காலம் ஒன்று உண்டு என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். கொட்டாங்கச்சி போயிற்று, கத்தரிக்கோல் மட்டும் பிடிவாதமாக நின்றது.

படித்து வந்த இளைஞர்கள் விஷயத்தை ஊராட்சிக்குக் கொண்டுபோனார்கள். ஊராட்சி கடைக்காரர்களை அழைத்துப் பேசியது. எல்லாருக்கும் வெட்ட முடியாது என்று அவர்கள் சொன்னபோது, அப்படியானால் கடையே வேண்டாம் என்று மூடச் சொன்னது. பிறகுதான் பொதுக் கடை வந்தது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது மட்டுமே அந்தக் கடையின் விசேஷம்.

இந்தச் சம்பவத்தை வட்டவடையோடு நிறுத்திவிட முடியாது. மலைக்கு இந்தப் பக்கம் காந்தலூர். இரண்டு ஊருக்கும் வெயில், பனி, மண் எல்லாம் ஒன்று. இரண்டு ஊர் மலைப்பூண்டுக்கும் சேர்த்து ஒரே புவிசார் குறியீடுதான் கிடைத்திருக்கிறது. இரண்டு ஊருக்கும் சமூகச் சுவர்களும் ஏறக்குறைய ஒன்றே. (ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலையைத் தேடி யாரும் இங்கே ஏறிவிட வேண்டாம். அது திருவனந்தபுரம் பக்கம் என்பார்கள் ஆய்வாளர்கள்.) உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு சோதனைச் சாவடி தாண்டி மறையூர், அங்கிருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறினால் காந்தலூர். நிர்வாகம் கேரளம், சந்தை உடுமலை, பேச்சு தமிழ்.

மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கோட்டகுடி ஆகிய ஐந்து ஊர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு. இங்குள்ள அஞ்சுநாட்டு வெள்ளாளர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்களுக்கு முன்போ பின்போ முதுவர் வந்தார்கள். மதுரையை விட்டுக் கிளம்பியபோது மீனாட்சியின் சிலையை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் என்று ஒரு கதை, பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்ததால் என்று இன்னொரு கதை. வரலாறு அல்ல இது, கதை. ஆனால் இரண்டு கதையிலும் முதுகில் சுமை இருக்கிறது. மூன்றாவதாக மலைப்புலையர். குறும்பப் புலையர், கரவழிப் புலையர், பாம்புப் புலையர் என்று அவர்களுக்குள் பிரிவுகள். வெள்ளாளர் வயலில் வேலை, மாடு மேய்ப்பு எல்லாம் அவர்கள் பங்கு. மாரியம்மன், காளியம்மன் திருவிழாவில் அவர்களுடைய மலைப்புலையாட்டம் இல்லாமல் இரவு நகராது.

மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று இதை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்று நினைத்தால் தப்பு. அம்பேத்கர் சொன்ன படிநிலை இங்கே மலைச்சரிவிலேயே தெரியும். வெள்ளாளருக்கு முதுவர் தள்ளி. முதுவருக்கோ வெளியார் எல்லாரும் தள்ளி, புலையர் இன்னும் தள்ளி. பிள்ளைகளை வெளியூர் விடுதிக்கு அனுப்ப முதுவர் பெற்றோர் பல காலம் தயங்கியதற்கு வறுமை மட்டும் காரணமில்லை, மற்றவர் சமைத்ததைச் சாப்பிட்டால் குடியின், அதாவது தங்கள் குடியிருப்பின், ஆசாரம் கெடும் என்ற பயமும் இருந்தது. பழங்குடிப் பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை என்று கேட்டு மேலிருந்து அறிக்கை எழுதியவர்கள் இந்தப் பயத்தை எளிதில் கடந்து போனார்கள்.

கீழ்நாட்டில் இதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வேறு கதை நடந்தது. அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்ற வேலைநிறுத்தம் அவர் பேரோடு சேர்ந்தது. 1910இல் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஊருட்டம்பலம் பள்ளிக்குள் நுழைந்தார். அவள் உட்கார்ந்த பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். அந்தப் புகை அஞ்சுநாடு வரை ஏறவில்லை. இங்கே வேலைநிறுத்தம் செய்ய ஆள் கூட்டம் இல்லை, தீ வைக்கப் பள்ளிக்கூடமும் இல்லை.

மூணாறு பக்கம் 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடம் ஜான் டேனியல் மன்றோ மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். கண்ணன், தேவன் என்ற இரு முதுவத் தலைவர்களின் பெயரே கண்ணன் தேவன் மலைகளுக்கு நின்றுவிட்டது என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. தேயிலைக்குக் கூலியாட்கள் திருநெல்வேலி, மதுரைச் சீமையிலிருந்து வந்தார்கள், பெரும்பாலும் தலித்துகள். காடு தேயிலையாக மாற மாற முதுவர் உள்ளே, இன்னும் உள்ளே போனார்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்துக்கா கேரளத்துக்கா என்ற பெரும் இழுபறிக்குப் பின் கேரளத்தோடு நின்றன. வீட்டில் தமிழ் பேசுகிற, அல்லது தமிழை ஒட்டிய முதுவர் பேச்சைப் பேசுகிற பிள்ளைக்கு முன்னால் மலையாளப் பாடப்புத்தகம் வந்து நின்றது இப்படித்தான்.

1990களின் கடைசியில் மாவட்ட ஆரம்பக் கல்வித் திட்டத்தின் பேரில் காட்டுக்குள் ஓராசிரியர் பள்ளிகள் முளைத்தன. காகிதத்தில் அவற்றின் பெயர் பல்வகுப்புக் கற்றல் மையம். நிஜத்தில் ஒரு ஓலைக்கூரை, ஒரு கரும்பலகை, ஒரு ஆசிரியர். ஒன்றாம் வகுப்பும் நாலாம் வகுப்பும் ஒரே பாயில். பள்ளிக்கு இடம் தருவது குடி, கூரை வேய்வது குடி, ஆசிரியருக்குச் சோறு போடுவதும் பல இடத்தில் குடிதான். குடியின் தலைவரான காணி சரி என்று சொன்னால்தான் பிள்ளை வரும். அரசாங்கம் தந்தது ஒரு சொற்பமான மதிப்பூதியம். அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகும்.

அப்படிக் காட்டுக்கு வந்த ஆசிரியர்களில் பி.கே. முரளீதரன் பெயர் மூணாறு வட்டாரத்தில் பிரசித்தம். மாங்குளத்துக்காரர். இடமலைக்குடியில் முதுவர்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பாடம் நடத்தினார். அங்கே அவர் முரளி மாஷ், அதாவது முரளி வாத்தியார். இடமலைக்குடி, 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி கிராம ஊராட்சியாக உருவான இடம். காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் இருபத்துச் சொச்சம் குடிகள், எல்லாரும் முதுவர்.

அங்கே இருப்புக்கல்லுக்குடியில் பி.வி. சின்னத்தம்பி என்ற முதியவர் மண்சுவர்த் தேநீர்க் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்குள் முரளி மாஷும் அவரும் சேர்ந்து ஒரு நூலகத்தைத் தொடங்கினார்கள். பெயர்ப்பலகை இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் கையால் எழுதி ஒட்டியதுதான் அறிவிப்பு. பெயர் அக்ஷரா. 2014இல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டுவழியே நடந்து அங்கே போனார். மொத்தம் 160 புத்தகங்கள், இரண்டு கோணிப்பையில் அடக்கம். பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர், கமலா தாஸ், கூடவே சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பு. மதுரையை எரித்தவள் கதையை மதுரையிலிருந்து நடந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் மலையாளத்தில் வாசிக்கிறார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வரும், வேறென்னமோவும் வரும். அப்போது உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய், மாதச் சந்தா 2 ரூபாய். உறுப்பினர்களுக்குப் பால் இல்லாத கட்டஞ்சாயா இலவசம். யார், என்று, எந்தப் புத்தகம் எடுத்தார் என்று ஒரு பதிவேட்டில் அழகாக எழுதி வைத்திருந்தார் சின்னத்தம்பி. 2013இல் மட்டும் 37 புத்தகங்கள் வெளியே போயிருந்தன. இருப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. நகரத்துப் பெரிய நூலகர்கள் தங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வட்டவடையிலும் ஒரு புத்தகக் கதை உண்டு, துயரத்தில் தொடங்குவது. கொட்டாக்கம்பூரைச் சேர்ந்த ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை அபிமன்யு, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது 2018 ஜூலையில் கொல்லப்பட்டார். தன் ஊருக்கு ஒரு நூலகம் வேண்டும் என்பது அவர் ஆசை. கேரளம் முழுவதிலிருந்தும் மக்கள் அனுப்பிய புத்தகங்களால் 2019 தொடக்கத்தில் வட்டவடையில் அவர் பெயரில் நூலகம் திறந்தது. அடுத்த ஆண்டுதான் அதே ஊராட்சி முடிதிருத்தும் கடையைத் திறந்தது. நூலகம் வந்த ஊரில் கத்தரிக்கோலுக்கு மட்டும் சாதி இருப்பதை இளைஞர்கள் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

மலையாளப் பாடப்புத்தகம் கொண்டுவந்த மொழிச் சிக்கலுக்கு விடை தேடியது இன்னும் பிந்தி. 2020களில் சமக்ர சிக்ஷா கேரளத்தின் இடுக்கிப் பிரிவு இடமலைக்குடிப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. முதுவர் பேச்சிலுள்ள சொற்களைக் குடியில் கேட்டுத் தொகுத்து, அதைப் பாலமாக வைத்து மலையாளம் சொல்லிக்கொடுப்பது. திட்டத்துக்குப் பெயரும் முதுவர் பேச்சிலேயே வைத்தார்கள்: படிப்புருசி. மலையாளச் செய்தியாளர்கள் அதற்கு அடைப்புக்குறிக்குள் பொருள் எழுத வேண்டியிருந்தது. உடுமலைச் சந்தையில் பூண்டு மூட்டை இறக்குகிறவரிடம் சொன்னால் அவருக்குப் பொருள் தேவைப்பட்டிருக்காது. ஒரு பிள்ளை ஆறு வயது வரை பேசிய பேச்சு வகுப்பறையில் தப்பாகிவிடுகிறது என்றால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், பிறகு பள்ளிக்கு வராது. இதைக் கண்டுபிடிக்க ஆய்வு வேண்டாம், காணியிடம் கேட்டிருந்தாலே போதும். கேட்க அறுபது ஆண்டு ஆயிற்று.

வயநாட்டில் 2017இல் கோத்ரபந்து என்ற பெயரில் பழங்குடி இளைஞர்களையே பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக அமர்த்தியதும் இதே யோசனையின் இன்னொரு வடிவம். பிள்ளையின் பேச்சு தெரிந்த ஒருவர் வகுப்பில் நின்றால் போதும், பாதிப் பயம் போய்விடுகிறது.

ஓராசிரியர் பள்ளிகளின் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. கல்வி உரிமைச் சட்டம் வந்தபின் இவற்றை மூடி, பிள்ளைகளை முழுமையான பள்ளிகளில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. 2022 கோடை விடுமுறையோடு கேரளம் முழுவதும் இவை மூடப்பட்டன. சொல்லப்பட்ட காரணத்தில் நியாயம் இருக்கிறது: நாலு வகுப்புக்கும் ஒரே ஆள், ஆய்வகம் இல்லை, கழிப்பறை இல்லை, பழங்குடிப் பிள்ளைக்கு மட்டும் ஏன் குறைப்பள்ளி? ஆனால் முழுப்பள்ளி பல குடிகளுக்கு யானை நடமாடும் காட்டைத் தாண்டி இருந்தது, அல்லது விடுதியில் தங்கினால்தான் கிடைத்தது. முடிவெட்டப் போன அந்த நாற்பது கிலோமீட்டர் வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

ஆசிரியர்கள் என்ன ஆனார்கள்? இருபது ஆண்டுக்கு மேல் காட்டில் பாடம் நடத்தியவர்களில் பலருக்கு அரசுப் பள்ளிகளில் துப்புரவுப் பணி கொடுத்தார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் படகிலும் நடையிலுமாக மலைக்குப் போய் எழுத்தறிவித்த ஓர் ஆசிரியை 2022 ஜூனில், பள்ளி திறந்த நாளில், நகரத்துப் பள்ளி ஒன்றில் துடைப்பத்தோடு நின்ற படம் செய்தித்தாள்களில் வந்தது. புகார் ஒன்றும் சொல்லாமல் அவர் வராந்தாவைப் பெருக்கத் தொடங்கினார். அன்று காலை, முன்பு அவரிடம் படித்த மலைப்பிள்ளைகள் வேறு ஏதோ ஒரு பள்ளியில், புதுச் சீருடையில், தெரியாத ஒருவரிடம் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.