டாலர் கடனும் வொன் சம்பளமும்

2008 செப்டம்பர் 15 அன்னிக்கு லேமன் பிரதர்ஸ் மஞ்சக் கடுதாசி கொடுத்துச்சு. அப்புறம் நடந்தது ஊரறிஞ்ச கதை. அமெரிக்காவில் வேலையில்லாதவங்க விகிதம் ஏறி ஏறி, 2009 அக்டோபர்ல 10 சதவீதத்தைத் தொட்டது. அப்போ கல்விக்கடனோட காலேஜ் முடிச்சு வெளிய வந்த பசங்க என்ன பண்ணினாங்க? கொஞ்சப் பேர் பெட்டியைக் கட்டிக்கிட்டு தென்கொரியாவுக்குப் போனாங்க. சியோல்ல இங்கிலீஷ் வாத்தியார் வேலை!

ஏன் சியோல்? கொரிய அரசு 1995ல வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவர 'எபிக்'னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது. 1997ல மூணாம் வகுப்புலேர்ந்தே ஆங்கிலம் பாடமாச்சு. இன்னொரு பக்கம் 'ஹாக்வொன்'. நம்ம ஊரு டியூஷன் சென்டர்தான், ஆனா தெருவுக்குத் தெரு. 1980ல சுன் டூ-ஹ்வான் ஆட்சி டியூஷனுக்கே தடை போட்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமாத் தளர்ந்த அந்தத் தடை செல்லாதுன்னு 2000ல அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிடுச்சு. அப்புறம் என்ன, கடை களைகட்டிருச்சு.

ஏதாவது ஒரு பட்டம் போதும். விமான டிக்கெட் அவங்க செலவு, தங்க அறை இலவசம், மாசம் சுமார் 20 லட்சம் வொன் சம்பளம். ஒரு வருசம் முடிச்சா ஒரு மாசச் சம்பளம் கையில. வாடகை இல்லைன்னா மிச்சம் பிடிச்சுக் கடனை அடைச்சிடலாம்னு கணக்கு.

இங்கதான் ஆப்பு. கடன் டாலர்ல, சம்பளம் வொன்ல!

2008 ஆரம்பத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 940 வொன். அதாவது 20 லட்சம் வொன் = 2,100 டாலருக்கு மேல. நெருக்கடி வந்ததும் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தை உருவ ஆரம்பிச்சாங்க. கொரிய வங்கிகளோ குறுகிய காலத்துக்கு டாலர்ல கடன் வாங்கி வச்சிருந்தாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல டாலருக்கு அலைஞ்சா வொன் என்ன ஆகும்? அக்டோபர் கடைசியில் அமெரிக்க மத்திய வங்கி 3,000 கோடி டாலர் வரைக்கும் மாத்திக்கலாம்னு கை கொடுத்தும், நவம்பர்ல டாலர் 1,500 வொன்னைத் தாண்டிருச்சு. அதே 20 லட்சம் இப்போ 1,330 டாலர்தான். வேலை போகலை, சம்பளத்துல ஒரு வொன் குறைக்கலை. ஆனா ஊருக்கு அனுப்பும்போது மூணுல ஒரு பங்கு காணோம்!

இது முதல் தடவையும் இல்ல. 1997 டிசம்பர்ல, கொரியா ஐ.எம்.எஃப். வாசல்ல நின்னப்போ, டாலர் கிட்டத்தட்ட 2,000 வொன் வரைக்கும் போச்சு. 2008ல கிளம்பினவங்க பத்து வருசம் முந்தின இந்தக் கதையைப் படிச்சிருந்தா கொஞ்சம் உஷாரா இருந்திருக்கலாம்.

நம்ம கணக்கு இதுக்கு நேர் எதிர். 2022ல டாலர் 75 ரூபாயிலிருந்து 82க்குப் போனப்போ நான் ஆன்சைட்ல ஆணி பிடுங்கிட்டு இருந்தேன். ரூபாய் விழ விழ எங்க ரூம்ல ஒரே குஷி :) வீட்டுக்கடன் ரூபாயில, சம்பளம் டாலர்ல. அது எங்க சாமர்த்தியம் இல்லை, காத்து எங்க பக்கம் அடிச்சது, அவ்வளவுதான். சியோல் வாத்தியாருக்கு அதே காத்து எதிர்ப்பக்கம்.

அப்போ நாமளும் சியோல் போயிருக்கலாமேன்னு கேட்காதீங்க. அந்த இ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட் இருந்தால்தான். 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம்தான் பள்ளிகளில் உதவி ஆசிரியரா இந்தியர்களுக்கும் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. அதுக்கும் வெறும் பட்டம் பத்தாது, ஆசிரியர் சான்றிதழ் வேணும். மத்தவங்களுக்குப் பாஸ்போர்ட்டே சான்றிதழ்!

வெளிநாட்டு வேலைன்னதும் சம்பளம் எவ்வளவுன்னுதான் முதல்ல கேட்கிறோம். எந்தக் காசுல சம்பளம், எந்தக் காசுல கடன்னு அதோட சேர்த்துக் கேட்டுக்கோங்க மக்களே. மந்தத்துக்கு விசா தேவையில்லை, நமக்கு முன்னாடியே போய் இறங்கியிருக்கும்.