கனிமங்களின் கடினத்தன்மை: வெர்னரின் சொற்களிலிருந்து மோஸின் கற்களுக்கு

கனிமத்தைக் கையில் வைத்துப் பார்த்தே இன்னதென்று சொல்லும் முறை, ஒழுங்கான பாடமாக உருப்பெற்றது 18-ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில், ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில்தான். கற்களைப் பிரித்தறியும் பழக்கம் அதைவிட மிகப் பழையது. சில கற்களை இரும்பு வெட்டும், சிலவற்றை வேறு கல்தான் வெட்டும் என்பதைக் கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தியோஃப்ராஸ்டஸ் எழுதிவைத்தார்; பொன்னை உரசிப் பார்க்கும் உரைகல்லும் அவர் நூலில் இடம்பெறுகிறது. 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி மணிக்கற்கள் வெளியேற்றும் நீரை நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியைக் கணக்கிட்டார். ஜெர்மானிய மருத்துவர் அக்ரிகோலா 1546-இல் வெளியிட்ட நூலில் நிறம், சுவை, மணம், கடினம் ஆகியவற்றைக் கொண்டு கனிமங்களை விவரித்தார். ஆனால் ஒரே கல்லைப் பார்க்கும் இருவர் ஒரே சொல்லால் அதைக் குறிக்கும் ஏற்பாடு அதுவரை இல்லை.

அந்த ஏற்பாட்டை முதலில் செய்தவர் ஆபிரகாம் காட்லோப் வெர்னர். கனிமங்களின் புறப்பண்புகள் குறித்த அவருடைய சிறு நூல் 1774-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 24. மறு ஆண்டே ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கழகத்தில் ஆசிரியரானார். கண், விரல், நாக்கு, மூக்கு என ஒவ்வொரு புலனும் எதைக் கவனிக்க வேண்டும், கவனித்ததை எந்தச் சொல்லால் குறிக்க வேண்டும் என்று அவர் வரையறுத்தார். அவருடைய நிறப் பெயர்களை விரிவாக்கி எடின்பரோ ஓவியர் பாட்ரிக் சைம் 1814-இல் வண்ணக் கையேடு ஒன்றை வெளியிட்டார். டார்வின் பீகிள் கப்பலில் கொண்டுசென்றது இந்தக் கையேட்டைத்தான். பாறைகள் ஏறக்குறைய யாவும் கடல்நீரில் படிந்தவை என்ற பிழையான கொள்கைக்காகவே வெர்னரை நினைவுகூர்வது வழக்கமாகிவிட்டது. அவர் வகுத்த இந்தக் கவனிப்பு ஒழுங்குக்கு இன்னும் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

கடினத்தன்மையில்தான் அவர் முறை தடுமாறியது. கடினமானது, ஓரளவு கடினமானது, மென்மையானது, மிக மென்மையானது என்ற பிரிவுகளை அரம், கத்தி, நகம் கொண்டு அவர் தீர்மானித்தார். கத்திக்குக் கத்தி எஃகு வேறுபடும். அழுத்தும் கையும் வேறுபடும்.

இதற்கு விடை தந்தவர் ஃப்ரைபெர்க்கில் வெர்னரிடமே பயின்ற ஃபிரெடரிக் மோஸ். 1802-இல் வியன்னா வங்கியாளர் ஒருவரின் கனிமத் தொகுப்புக்குப் பட்டியல் தயாரிக்கப் போன அவர், 1812-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் புதிதாக அமைந்திருந்த யோஹானியம் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில்தான் பத்துப் படி அளவுகோலை வகுத்தார்: டால்க், ஜிப்சம், கால்சைட், ஃப்ளூரைட், அபடைட், ஆர்த்தோகிளேஸ், குவார்ட்ஸ், புஷ்பராகம், குருந்தம், வைரம். பின்வருவது முன்வருவதைக் கீறும். அளவுகோலில் கருவி என்று எதுவும் இல்லை. கல்லே கல்லுக்கு அளவு. வைரத்தைத் தவிர மற்றவை பெரும்பாலும் எளிதில் கிடைப்பவை. மோஸின் பெருமை எண்களில் இல்லை, இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. எண்கள் வரிசையை மட்டுமே காட்டுகின்றன: 9-இல் உள்ள குருந்தத்தைவிட 10-இல் உள்ள வைரம் மூன்று மடங்குக்கும் மேல் கடினமானது.

சோதனைக்குக் கவனம் வேண்டும். மென்மையான கல்லைக் கடினமான கல்லின்மேல் இழுத்தால் அதன் தூள் படிந்து, கீறல் விழுந்ததுபோலத் தோன்றும். விரலால் துடைத்தபின் மிஞ்சுவதே உண்மையான கீறல். சோதிக்கும் முகமும் புதிதாக உடைத்த முகமாக இருக்க வேண்டும். வெயிலும் மழையும் தின்ற மேற்பரப்பு தன் இயல்பைவிட மென்மையாகக் காட்டும்.

கயனைட் என்ற கனிமம் இந்த முறைக்கே ஒரு சவால். அதன் நீலத் தகடு நீளவாக்கில் ஏறக்குறைய 5, கத்தி கீறிவிடும். குறுக்கே 6.5 முதல் 7. அதே கத்தி வழுக்கிவிடும். படிகத்துக்குள் அணுப்பிணைப்பின் வலிமை திசைக்குத் திசை மாறுவதே காரணம். மோஸ் காலத்தில் இதைக் காண முடிந்தது, விளக்க முடியவில்லை.

தாவரவியலைப் போலக் கனிமங்களையும் புறப்பண்புகளால் மட்டுமே வகைப்படுத்த மோஸ் விரும்பினார். இந்த வகைப்பாட்டை விளக்கி அவர் எழுதிய நூலை அவருடைய மாணவர் ஹைடிங்கர் 1825-இல் ஆங்கிலத்தில் தந்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் டேனா 1837-இல் அதே வழியில் தன் பெருநூலைத் தொடங்கி, 1854-ஆம் ஆண்டுப் பதிப்பில் வேதியியல் வகைப்பாட்டுக்கு மாறிவிட்டார். வேதிப்பொருளே கனிமத்தின் அடிப்படை என்ற சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸின் வாதம் வென்றது. 1912-இல் படிகங்களில் எக்ஸ் கதிர்களின் விளிம்பு விளைவு கண்டறியப்பட்டபின் படிகத்தின் உள்ளமைப்பும் அந்த வகைப்பாட்டில் சேர்ந்தது. மோஸின் வகைப்பாடு இன்று வழக்கில் இல்லை. அதற்குத் துணையாக அவர் அமைத்த பத்துக் கற்களோ இன்றும் புவியியல் மாணவர்களின் முதல் செய்முறை வகுப்பில் இருக்கின்றன.