எம்டன் என்னும் சொல்

ஒருவனுடைய சாமர்த்தியத்தைக் கண்டு வியக்கும்போது, "அவன் பெரிய எம்டன்" என்று நம்மவர் சொல்வதுண்டு. ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் தமிழில் குடியேறிய விதத்தை ஆராய்ந்தால், மனித நினைவின் இயல்பு பற்றியும் சிறிது தெரிந்துகொள்ளலாம்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில், கார்ல் ஃபான் முல்லர் என்பாரைத் தலைவராகக் கொண்ட அக்கப்பல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கிற்று. போர் மூண்டு ஏழு வாரங்களாகியும், நகரின் விளக்குகள் வழக்கம்போல ஒளிர்ந்துகொண்டிருந்தன. ஆங்கிலேயரின் கடலாதிக்கத்தில் அவ்வளவு நம்பிக்கை! அரை மணிக்கும் குறைவான நேரத்தில் 100-க்கு மேற்பட்ட குண்டுகள் பாய்ந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் இருளில் மறைந்தது. நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே அதுவும் அழிந்தது. பெயர் மட்டும் அழியவில்லை.

இதனோடு மற்றொரு தாக்குதலை ஒப்பிட்டுப் பாருங்கள். 1942 ஏப்ரலில், ஜப்பானியர் வருவர் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். அரசாங்க அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. அப்போது எவரும் வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் மெய்யாகவே வந்து சில குண்டுகளை வீசிச் சென்றது. அதனை இன்று நினைவுகூர்வோர் மிகச் சிலரே. சேதம் சொற்பம் என்பதும் ஒரு காரணந்தான். ஆயினும், எதிர்பார்த்துச் சலித்த ஒன்று நிகழ்ந்தமையே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

1960-களின் பிற்பகுதியில் லியோன் காமின் என்ற உளநூலறிஞர் எலிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். ஓர் ஓசைக்குப் பின் மின்னதிர்ச்சி வரும் என்பதை எலி முதலில் கற்றது. பின்னர் ஓசையோடு விளக்கொளியையும் சேர்த்து, அதே அதிர்ச்சியைப் பலமுறை தந்தார். முடிவில் ஒளியை மட்டும் காட்டியபோது எலி ஏறக்குறைய அஞ்சவேயில்லை. ஓசையே முன்னறிவித்துவிட்டதால், ஒளியிடம் கற்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு நகரத்தை எலியோடு ஒப்பிடுவது சற்று மிகைதான். எனினும் இரண்டிலும் ஒரே நியதியின் சாயலைக் காண்கிறேன்.

வியப்பு நினைவை ஆழப்படுத்துமேயன்றி, அதன் உண்மைக்குப் பிணை நிற்பதில்லை. செண்பகராமன் பிள்ளை அக்கப்பலிலேயே வந்தார் என்று பலர் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்குத் தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை. அவர் அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து இந்திய விடுதலைக்காக உழைத்துக்கொண்டிருந்தார்.