பேரன்கள் நிற்கும் காசு

எங்கள் ஆபீஸில் மார்கஸ் அரேலியஸ் மேற்கோளை ஸ்டேட்டஸாக வைக்காதவர்கள் குறைவு. அப்ரைசல் வாரத்தில் இன்னும் கூடும். விதி, அறம், மன விடுதலை என்று ரோமானிய ஞானம் ரீல்ஸில் கொட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், ரோம் நம்ம ஊருக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வந்துவிட்டது. ஞானமாக இல்லை, வெள்ளிக் காசாக.

வெள்ளலூர் என்றால் இன்று கோவைக்காரர்களுக்குக் குப்பைக் கிடங்குதான் ஞாபகம் வரும். அங்கேதான் 1842-லும் 1891-லும் நூற்றுக்கணக்கில் ரோமானிய தினாரியஸ்கள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. எல்லாம் கல் செய்த வேலை. படியூர்ப் பக்கம் பெரில் கல் கிடைத்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் கல்லை மணியாக்கிய பட்டறைகளின் தடயங்களை அகழாய்வில் எடுத்திருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மேற்குக் கடற்கரை, அப்புறம் கப்பல். பெண்களின் நகைக்கல் ஆசையால் நம் பணம் அந்நியரிடம் போகிறதே என்று கி.பி. 22-ல் செனட்டுக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார் டைபீரியஸ். போன பணத்தில் இருந்தது அவர் முகம்தான்!

இந்தியப் புதையல்களில் அதிகம் கிடைக்கும் அகஸ்டஸ் காசு ஒன்று உண்டு. முன்பக்கம் அவர் தலை. பின்பக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு பையன்கள்: கையஸ், லூசியஸ். மகள் ஜூலியாவின் பிள்ளைகள், தாத்தாவே தத்தெடுத்துக்கொண்டார். பத்தொன்பது வயதில் சொந்தச் செலவில் படை திரட்டிக் குடியரசுக்கு விடுதலை வாங்கித் தந்தேன் என்றுதான் அகஸ்டஸின் சாதனைக் கல்வெட்டு தொடங்குகிறது. சரி, விடுதலையான அந்தக் குடியரசை அடுத்து யார் பார்த்துக்கொள்வது? பேரன்கள். வாரிசு போஸ்டரை வெள்ளியில் அடித்தது மாதிரி. நமக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

கி.பி. 2-ல் ஸ்பெயின் படைக்குப் போகிற வழியில், மார்செய் நகரத்தில் லூசியஸ் நோயில் இறந்தான். கையஸுக்கு ஆர்மீனியாவில் ஒரு கோட்டை முற்றுகையில் காயம்; அது ஆறவே இல்லை. கி.பி. 4-ல், ஊர் திரும்பும் வழியில் அவனும் போனான். இருவருக்கும் இருபத்தைந்துகூட ஆகவில்லை. மிச்சம் இருந்தவர் டைபீரியஸ். போர்முனைகளில் பேர் வாங்கியவர், ஆனால் பல வருஷம் ரோட்ஸ் தீவில் ஒதுங்கிக் கிடந்தவர். அகஸ்டஸின் உயில் ஆரம்பத்திலேயே விதியைத் திட்டுகிறது: அது பிள்ளைகளைப் பறித்துக்கொண்டதால்தான் சொத்து டைபீரியஸுக்குப் போகிறதாம். வாரிசாக அறிவிக்கும் வரியிலேயே ‘நீ என் முதல் சாய்ஸ் இல்லை’ என்று கேட்டவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ரீல்ஸில் வரும் ரோமானிய விதி நிதானமானது, பின்னணியில் பியானோ வாசிக்கும். எனக்கு இந்தக் கிழவரின் வசவுதான் நிஜமாகப் படுகிறது. உலகத்தில் பாதியை ஆண்டும் இரண்டு பையன்களைக் காப்பாற்ற முடியவில்லை.

பையன்கள் செத்தும் காசு செல்லாமல் போகவில்லை. நல்ல வெள்ளி. நொய்யல் கரையில் கல் விற்றவர் அதில் நிற்பது யாரென்று கேட்டிருக்கவா போகிறார்? எடை சரியா என்று பார்த்திருப்பார். வெள்ளலூரில் காசுகளைப் புதைத்து வைத்த யாரோ ஒருவருக்கும், என்ன ஆனதோ, அதை எடுக்க வர வாய்க்கவில்லை.