எண்ணூர்க் கழியும் இருளர் மகளிரும்

கொசத்தலையாறு கடலொடு கலக்கும் எண்ணூர்க் கழியின் அண்மைக்கால வரலாறு, பெரும்பாலும் மின்னாக்கத்தின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி, 450 மெகாவாட் ஆற்றலுடையதாய் வளர்ந்து, 2017இல் மூடப்பட்டது. வடசென்னை நிலையம் 1994இல் இயங்கலாயிற்று. நிலக்கரி இறக்குதற்கென எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் ஆவணம் உண்டு. அக்கழியிற் கையால் இறால் பிடித்து வாழும் இருளர் மகளிர்க்கு ஆவணம் யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தமிழ்நாட்டில் மிக நலிவுற்ற பழங்குடிகளென நடுவணரசு வகுத்த ஆறனுள் இருளரும் ஒருவர். படகும் வலையும் பொருள்முதல் வேண்டுவன. கைப்பிடித் தொழிலுக்கோ சேற்றை அறிந்த விரல்களும், பிடித்ததை இட்டுவைக்கும் பறியுமே போதும். ஆதலின் மகளிரும் ஆடவரொடு கழியில் இறங்கித் தம் கையாற் பொருளீட்டினர்.

நிலக்கரி எரிந்து எஞ்சும் சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய்வழிச் சாம்பற்குளத்திற்குச் செலுத்துவது இந்நிலையங்களின் வழக்கம். குழாய்களிற் கசிந்த சாம்பல் கழியிற் படிந்தது, ஆழம் குறைந்தது, இறால் ஒதுங்கும் சேறு மூடுண்டது. படகுடையார் வேற்றுநீர் நாடிச் செல்லலாம். கையே கருவியாக உடையார்க்கு அவ்வழி இல்லை. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கழியை மீட்டெடுக்க ஆணையிட்டது.

2023 டிசம்பரில், மிக்சாம் புயல்வெள்ளத்தை ஒட்டிக் கழியில் எண்ணெய் பரவியது. அரசு அறிவித்த உதவியில், 787 படகுகளுக்குப் படகொன்றுக்கு 10,000 ரூபாய் என ஓர் இனம் இருந்தது. படகு பதிவுடையது, எண்ணத்தக்கது. கைத்தொழிலுக்கு அத்தகைய பதிவு இல்லை. இழப்பு நேர்ந்துழி அதனை அளக்கும் கோலும் இல்லையாகின்றது.

இவ்விடர் நிலக்கரியோடு ஒழிவதன்று. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. அங்குச் சாம்பல் இல்லை. எனினும் அத்தகைய திட்டங்களில் விற்பனைப் பத்திரம் நிலவுடைமையாளரை மட்டுமே அறியும். ஆடு மேய்த்தோரையும், விறகு பொறுக்கியோரையும், களையெடுத்துக் கூலி பெற்றோரையும் அறியாது. எரிபொருள் மாறினும் கணக்கிடும் முறை மாறாவிடின், ஆவணமற்ற மகளிர் தொழில் மீண்டும் விடுபடும்.

எனவே, கழியின் துறைகளுக்கும், சேற்றின் வகைகளுக்கும், நீரேற்ற வற்றங்களுக்கும் இம்மகளிர் வழங்கும் சொற்களைத் தொகுத்தல் தமிழாய்வாளர் கடன். அச்சொற்றொகுதி மொழிக்கு ஆக்கம். அவர்தம் உரிமைக்குச் சான்று.